நெஞ்சு வலிக்கும்போது நிதானம், கையெழுத்துப் போடும்போது அவசரம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், சம்பா அறுவடை பாதி முடிந்திருந்த நேரம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடைக் கிராமம் ஒன்றில் இருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நெஞ்சை அழுத்தியது. நடு நெஞ்சில் யாரோ நெல் மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது என்று அப்புறம் சொன்னார். சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, இடது தோளிலும் தாடையிலும் ஒரு இழுப்பு. "ஒண்ணுமில்லடி, ராத்திரி மொச்சைக் குழம்பு சாப்பிட்டேன்ல, வாயு பிடிச்சிருக்கு" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு ஓமத் தண்ணீர் குடித்தார். அப்புறம் ஒரு சோடா. அப்புறம் வீட்டில் இருந்த ஜெலுசில். சித்தி முதுகில் தைலம் தேய்த்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு வாந்தி எடுத்தார். விடிந்ததும் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள், அங்கே இசிஜி எடுக்காமலேயே கேஸ் டிரபிளுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துப் பார்த்தபோது மணி ஒன்பதரை. பத்து மணி நேரம் போய்விட்டது.

அங்கே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றி, 108இல் தஞ்சாவூருக்கு அனுப்பி, மறுநாள் ஆஞ்சியோ செய்து, அதாவது இதயக் குழாய்களில் சாயம் செலுத்திப் படம் எடுத்து, அடைத்த இடத்தில் ஸ்டென்ட் என்ற உலோக வலையை வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் முன்பக்கத் தசை பெரும்பகுதி செத்துப்போயிருந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் பம்ப் செய்யும் அளவைச் சதவீதத்தில் எழுதுவார்கள், நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்கும். சித்தப்பாவுக்கு 35. இன்றைக்கும் மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் தூக்கிப் போட்டால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஓட வேண்டிய நேரத்தில் நாம் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும்போது, திரையில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டிவிட்டால் போதும், கைநடுங்கக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆஞ்சியோ என்றால் என்ன, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்த இரண்டு தப்பையும் குறைக்கலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கதீட்டர், அதாவது ஆஞ்சியோவுக்காக உடம்புக்குள் விடும் மெல்லிய குழாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சிறுநீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும். உண்மையில் இதயத்துக்குள் முதன்முதலாகப் போனதும் சிறுநீர்ப் பாதைக்கென்று செய்த குழாய்தான். 1929இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்ற சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற 25 வயது டாக்டர், கை நரம்பு வழியாகக் குழாயை விட்டால் இதயம் வரை போகும், அந்த வழியில் நேராக மருந்து செலுத்தலாம் என்று நினைத்தார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. இதயத்தைத் தொட்டால் ஆள் செத்துவிடுவான் என்பதுதான் அந்தக் காலத்து நம்பிக்கை. கருவிகளின் சாவியை வைத்திருந்த நர்ஸ் கெர்டா டிட்ஸன், என்மேலேயே செய்து பாருங்கள் என்று முன்வந்தார். ஃபோர்ஸ்மான் அந்த அம்மாவை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவருக்குத் தெரியாமல் தன் இடது முழங்கை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, நரம்பைத் திறந்து, 65 சென்டிமீட்டர் குழாயைத் தனக்குள்ளேயே விட்டுக்கொண்டார். பிறகு குழாய் தொங்கத் தொங்க மாடிப்படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்தார். குழாயின் நுனி வலது மேலறைக்குள் இருந்தது, ஆள் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பாராட்டு கிடைக்கவில்லை, இதய வேலையையே விட்டுவிட்டுச் சிறுநீரக அறுவை மருத்துவராகிப் போனார். 1956இல் நோபல் பரிசு வந்தது, அவருடைய வழியை வளர்த்தெடுத்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் சேர்த்து.

ஆனால் அவர் போனது சிரை வழி, அதாவது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் நரம்பு வழி. அது போய்ச் சேர்வது இதயத்தின் வலது பக்கம். நம் ஊரில் ஆஞ்சியோ என்று சொல்வது பெரும்பாலும் இடது பக்கத்து வேலை. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே வரும் தமனி வழியாக மகாதமனிக்குப் போய், இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் சின்னக் குழாய்களின் வாயில் நின்று சாயம் செலுத்துவது. அதுகூட ஒரு தவறில்தான் தொடங்கியது. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் மகாதமனியில் செலுத்த வைத்திருந்த சாயம், குழாய் நகர்ந்துவிட்டதால் நேராக வலது இதயக் குழாய்க்குள் போய்விட்டது. இதயத் துடிப்பு சில விநாடி நின்றது. நோயாளியை இருமச் சொன்னார்கள், துடிப்பு திரும்பியது. அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான், இந்தச் சின்னக் குழாய்களைத் தனித்தனியாக உயிரோடு இருக்கும் மனிதரிடம் படம் பிடிக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

எனக்கு ஆஞ்சியோ செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை ஆபரேஷன் என்று நினைத்துப் பயந்துகொண்டே தள்ளிப்போடுகிறார்கள். காலையில் சாப்பிட வேண்டாம் என்றார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்தார்கள், காரணம் அந்தச் சாயத்தில் அயோடின் இருக்கிறது, சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். அதனால் சுகர்காரர்களும் கிட்னியில் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிலசமயம் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். மேசை குளிர்ச்சியாக இருந்தது, அறையும் அப்படித்தான். வலது மணிக்கட்டில் மரத்துப்போகிற ஊசி மட்டும்தான் வலித்தது. நாடி பார்க்கும் இடத்திலேயே ஒரு சின்ன உறை போன்ற குழாயைச் செருகி, அதன் வழியாகக் கதீட்டரை விட்டார்கள். கதீட்டர் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர், நாம் காபி உறிஞ்சும் ஸ்ட்ராவை விட மெல்லியது. முழங்கைக்கு மேல் போகும்போது ஒரு இறுக்கம் தெரிந்தது, தோளுக்கு அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் குழாய் போவதைப் பெரும்பாலும் நம்மால் உணர முடியாது.

தலைக்கு மேல் வளைவான ஒரு இயந்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து படம் எடுத்தது. திரை எனக்கு இடது பக்கம். முதலில் அதில் விலா எலும்பும், துடிக்கிற ஒரு சாம்பல் நிழலும்தான் இருந்தன, குழாய் எதுவும் தெரியவில்லை. சாயம் போனதும் சட்டென்று ஒரு மரக்கிளை போல எல்லாம் கறுப்பாக விரிந்தது, துடிப்போடு சேர்ந்து ஆடியது, மூன்று நாலு விநாடியில் கரைந்து போய்விட்டது. மறுபடி சாயம், மறுபடி கிளை. நெஞ்சில் கொஞ்சம் வெதுவெதுப்பு. இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. கையில் காற்றடைத்த ஒரு பட்டையைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். அன்றைக்கு மாலையே வராந்தாவில் நடந்தேன். முன்பெல்லாம் தொடை வழியாகத்தான் செய்வார்கள், மணிக்கணக்கில் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழியை 1989இல் கனடாவில் கம்போ என்ற டாக்டர் செய்து காட்டினார், ரத்தக்கசிவு குறைவு என்பதால் இப்போது பல இடங்களில் அதுவே முதல் வழி. தொடை வழியாகச் செய்தால் தப்பு என்று நினைக்க வேண்டாம், சிலருக்குக் கைத்தமனி மிகவும் சிறியதாக இருக்கும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. பார்ப்பதற்கு மட்டும் செய்யும் ஆஞ்சியோவில் உயிருக்கு ஆபத்து வருவது சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு. பக்கவாதம், சாய ஒவ்வாமை, குழாய் கிழிவது, சிறுநீரகம் சோர்வது எல்லாம் அரிதாக நடக்கும். கையெழுத்து வாங்கும் தாளில் இவை எல்லாம் எழுதியிருக்கும், படித்துப் பார்த்துவிட்டே போடுங்கள்.

சரி, அந்தக் கறுப்புக் கிளை எதைக் காட்டுகிறது? இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு உவமை கைவசம் இருக்கிறது, டாக்டர்களே அதைத்தான் சொல்கிறார்கள்: வாய்க்காலில் அடைப்பு, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. பாதி தூரம் இது சரி. கல்லணையில் பிரிந்து வெண்ணாறாகவும் காவிரியாகவும் போய், அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை விட்டு வயல் வரை வருவது போலத்தான் இதயத்துக்கு மூன்று பெரிய குழாய்களும் அவற்றின் கிளைகளும். முன்பக்கம் இறங்கும் எல்ஏடி தலைமடையிலேயே அடைத்தால், சித்தப்பாவுக்கு நடந்தது போல, கீழே உள்ள மொத்தப் பரப்பும் காய்ந்துபோகும். பெரிய குழாய்கூட உள்விட்டத்தில் 3, 4 மில்லிமீட்டர்தான்.

ஆனால் இந்த உவமை இரண்டு இடத்தில் நம்மைத் தவறாகக் கொண்டுபோய்விடும். ஒன்று, தூர்வாருகிறோம் என்றால் மண்ணையும் ஆகாயத்தாமரையையும் அள்ளி வெளியே போடுகிறோம். பலூனால் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியில் பெரும்பாலும் எதையும் வெளியே எடுப்பதில்லை. மிக மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டி அனுப்பி, அதன்மேல் சுருங்கிய பலூனைக் கொண்டுபோய், கார் டயரில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் ஊதி, கொழுப்பையும் சுண்ணாம்பையும் குழாயின் கரையோடு சேர்த்து அழுத்துகிறார்கள். அது திரும்ப உள்வாங்காமல் இருக்க ஒரு உலோக வலையை முட்டுக்கொடுத்து விட்டு வருகிறார்கள், அதுதான் ஸ்டென்ட். "அடைப்பை எடுத்தாச்சு, இனி கவலை இல்லை" என்று ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கும். அந்த மண் அங்கேயேதான் இருக்கிறது, மற்ற வாய்க்கால்களிலும் படிந்துகொண்டுதான் இருக்கிறது. மாத்திரையும் பீடி சிகரெட்டை விடுவதும் சுகர், பிரஷர் கட்டுப்பாடும்தான் அந்தப் படிவைத் தடுக்கும். ஸ்டென்ட் ஒரு இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, அடைப்பு பெரிதாக இருந்தால் ஆபத்து பெரிது, சிறிதாக இருந்தால் சிறிது என்று நாம் கணக்குப் போடுகிறோம். மாரடைப்பு பல நேரம் அப்படி வருவதில்லை. அடைப்பு 40, 50 சதவீதம்தான் இருக்கும், நடந்தால் வலிக்கவே வலிக்காது. அதன்மேல் இருக்கும் மெல்லிய தோல் ஒருநாள் வெடித்து, உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் பட்டதும், அந்த இடத்தில் சில நிமிஷத்தில் ரத்தம் உறைந்து முழுவதும் அடைத்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த மனிதர் திடீரென்று விழுவது இதனால்தான். மாறாக, பல வருஷமாக மெதுவாகக் குறுகி 80 சதவீதம் ஆன குழாய், நடக்கும்போது வலியைக் கொடுத்துக்கொண்டே அப்படியே கிடக்கலாம். இரண்டும் ஒரே ஆஞ்சியோ மேசைக்குத்தான் வருகின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு நோய் மாதிரியே நடந்துகொள்கின்றன, வைத்தியமும் அவசரமும் வேறு.

முதல் வகையில், அதாவது மாரடைப்பில், ஒவ்வொரு நிமிஷமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. உடனே கேத் லேபுக்கு, அதாவது ஆஞ்சியோ செய்யும் அறைக்கு, கொண்டுபோய்க் குழாயைத் திறப்பதுதான் சிறந்த வைத்தியம். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் ஊதுவது வரை 90 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் அளவு. முதல் இசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்த பிறகு 120 நிமிஷத்துக்குள் கேத் லேபில் குழாயைத் திறக்க முடியாது என்றால், இருக்கிற இடத்திலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தை, ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனெக்டெப்ளேஸோ, போட்டுவிட்டு அப்புறம் அனுப்ப வேண்டும். மருந்து கேட்டதா என்று பார்த்து, கேட்டிருந்தால் 2 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, கேட்கவில்லை என்றால் உடனே.

இதை டெல்டாவின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தஞ்சாவூர் டவுனில் இருப்பவருக்குக் கேத் லேப் பக்கத்தில். மன்னார்குடிக்காரருக்கு 40 கிலோமீட்டர் தள்ளி. வேதாரண்யத்துக்காரருக்குத் தஞ்சாவூர் 100 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் எந்த ரோடு என்பது நமக்கெல்லாம் தெரியும், அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். எனவே கடைமடைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு முதல் உயிர்காப்பு, பெரும்பாலும், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் எடுக்கும் இசிஜியும் அங்கேயே போடும் மருந்தும்தான். "நேராகப் பெரியாஸ்பத்திரிக்கே போயிடலாம், இங்க என்ன செஞ்சிடப் போறாங்க" என்று சின்ன ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து காரில் இரண்டு மணி நேரம் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரம்தான் மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம். அந்த மருந்துக்கு முதல் மூன்று மணி நேரத்தில் இருக்கும் பலன் பின்னால் வேகமாகக் குறைந்துகொண்டே போகும், 12 மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் போடுவதே இல்லை.

சின்ன ஆஸ்பத்திரியையும் பெரிய ஆஸ்பத்திரியையும் இப்படிக் கோத்து வைத்தால் பலன் உண்டா என்று தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கேத் லேப் உள்ள மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் அதோடு இணைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், இணைத்த பிறகு 14.2 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, யாரை எங்கே எப்போது அனுப்புவது என்று ஒழுங்குபடுத்தியதில் வந்த வித்தியாசம். 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டமும் இந்த வழியில்தான்: ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் சேர்த்து 14 மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் கிராமத்து நர்ஸம்மாவிடம் இந்த மாத்திரை இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுகர் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வராமல் போகலாம். வெறும் மூச்சுத் திணறல், மேல்வயிற்றுப் பிசைவு, இனம் தெரியாத அசதி, வேர்வை. முதல் இசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் அரை மணியில் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும், ரத்தத்தில் ட்ரோபோனின், அதாவது இதயத் தசை சேதமானதைக் காட்டும் சோதனை, பார்க்கச் சொல்ல வேண்டும். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள்.

இப்போது என் கதை. சித்தப்பாவுக்கு நடந்து எட்டு மாதம் கழித்து, சைக்கிளில் பாமணியாற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஏறும்போது எனக்கு நெஞ்சில் இறுக்கம். நின்றால் இரண்டு நிமிஷத்தில் போய்விடும். இரண்டு வாரம் அப்படியே இருந்தது, கூடவில்லை, உட்கார்ந்திருக்கும்போது வரவில்லை. டிரெட்மில்லில் நடக்கவிட்டு இசிஜி எடுக்கும் டெஸ்டில் மாற்றம் தெரிந்ததால் ஆஞ்சியோ. நான் மேசையில் படுத்திருக்கும்போதே ஒருவர் வெளியே போய் என் மனைவியிடம், "ஒரு குழாயில அறுபது எழுபது பர்சன்ட் இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிட்டா வேலை முடிஞ்சிரும், கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டியிருக்கிறார். அவளுக்குச் சித்தப்பாதான் கண்முன் நின்றிருக்கிறார். பேனாவை வாங்கிவிட்டாள். கூட இருந்த அவளுடைய தம்பி, கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன், ஒரு கேள்வி கேட்டான்: "சார், இது இப்ப நடக்குற மாரடைப்பா? இன்னிக்கு வைக்கலன்னா இன்னிக்கே ஆபத்தா?" அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி அவசரம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் இவரை வெளியே கொண்டுவாருங்கள், பேசி முடிவு செய்கிறோம் என்றான்.

ஆஞ்சியோ படம் பதிவான சிடியை வாங்கிக்கொண்டு திருச்சியில் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் படத்தை நிறுத்தி நிறுத்தி நாலைந்து கோணத்தில் காட்டினார். ஆஞ்சியோ காட்டுவது குழாயின் நிழலை மட்டும்தான், குழாயின் சுவரை இல்லை என்றார். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் எழுபது போலத் தெரிவது இன்னொரு பக்கத்திலிருந்து ஐம்பது போலத் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்லும் சதவீதம் டாக்டருக்கு டாக்டர் மாறும். விட்டத்தில் பாதி குறைந்தால் பரப்பில் முக்கால் பங்கு குறைந்துவிடும், எனவே யார் எதை அளந்து சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல், இடது பெருங்குழாயில் 50க்கு மேல், என்றால்தான் பெரிய அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பவற்றுக்கு அழுத்தத்தை அளக்கும் கம்பி ஒன்று இருக்கிறது. அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளந்து, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதில் 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு உண்மையிலேயே தண்ணீரைத் தடுக்கிறது, மேலே என்றால் பெரும்பாலும் ஸ்டென்ட் தேவையில்லை. எனக்கு முதலில் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், வலி அடங்காவிட்டால் அந்தக் கம்பிச் சோதனை என்றார். மூன்று மாதத்தில் பாலத்து ஏற்றம் வலிக்காமல் ஏறினேன். இப்போதும் ஏறுகிறேன்.

இது அந்த டாக்டரின் தனிப்பட்ட கருத்து மட்டும் இல்லை. நிலையாக இருக்கும் நெஞ்சு வலிக்காரர்களிடம் 2007இல் வந்த கரேஜ் என்ற ஆய்வும், 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற ஆய்வும் ஒரே திசையில்தான் பேசின. நல்ல மாத்திரை வைத்தியத்தோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்துச் செய்வதால் இறப்பு குறையவில்லை. நெஞ்சு வலி குறைந்தது, அது உண்மையான நன்மை, தினம் வலியோடு வாழ்கிறவருக்குப் பெரிய நன்மை. ஆனால் "வைக்கலன்னா எப்ப வேணா போயிடும்" என்று பயமுறுத்தி வைக்கும் விஷயம் இல்லை. இடது பெருங்குழாயில் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுடைய கணக்கு வேறு. சுகரும் இருந்து பல குழாயில் அடைப்பும் இருந்தால் ஸ்டென்டை விட பைபாஸ் அறுவைதான் நீண்டநாள் பலன் தரும் என்று 2012இல் வந்த ஆய்வு காட்டியது. மேசையில் படுத்திருக்கும்போது பத்து நிமிஷத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கவே கூடாது.

ஆகவே அந்த வராந்தாவில் தாளை நீட்டும்போது என் மச்சான் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். இப்போது நடக்கும் மாரடைப்பு என்று பதில் வந்தால், இரண்டாவது யோசனை வேண்டாம், யாருக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சொல்லட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்த குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். இல்லை என்றால் சிடியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது, மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், பூசாததுக்கு 7,260. அதற்கு முன் மருந்து பூசியதற்கு லட்சத்துக்கு மேல்கூட வாங்கினார்கள். அந்த வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். வரம்பு ஸ்டென்டுக்கு மட்டும்தான், பலூன், கம்பி, அறை, டாக்டர் கட்டணம் எல்லாம் தனி, அதனால் பில்லைப் பிரித்துக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கேத் லேப் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நெஞ்சு வலி வந்த அன்றைக்கு ரேஷன் கார்டைத் தேடி ஓடாமல், சும்மா இருக்கும் ஒருநாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கேத் லேபில் அடைப்பு வேலை மட்டும் நடப்பதில்லை. குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஓட்டையை நெஞ்சைத் திறக்காமல் குடை போன்ற கருவியால் மூடுகிறார்கள். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு, அதிலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, ஜப்பான்காரரான இனோவே 1980களில் கொண்டுவந்த பலூனால் வால்வை விரித்துவிடுகிறார்கள். பேஸ்மேக்கர் வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பலூன் வைத்தியம் தொடங்கியது 1977 செப்டம்பர் 16, ஜூரிக் நகரில், ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்ற டாக்டர் கையால். தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒட்டி ஒட்டிச் செய்த பலூன் அது. முதல் நோயாளிக்கு 38 வயது, பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. ஒன்பது வருஷத்தில், 1986இல், அந்த வைத்தியம் சென்னைக்கே வந்துவிட்டது, மேத்யூ சாமுவேல் களரிக்கல் செய்தார். அதே வருஷம்தான் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்டுகள் மனித இதயத்துக்குள் போயின.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆஸ்பிரினும் அதோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையும், மாரடைப்புக்கு வைத்ததென்றால் பொதுவாக ஒரு வருஷம், அப்புறம் ஒன்று மட்டும் தொடர்ந்து. பல் பிடுங்கப் போகிறேன், கோவிலுக்கு மாலை போட்டிருக்கிறேன், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று தானாக நிறுத்தினால் உள்ளே இருக்கும் வலையிலேயே ரத்தம் உறைந்துவிடலாம், அது முதல் மாரடைப்பை விட மோசமாகவும் வரலாம். நிறுத்துவதென்றால் இதய டாக்டரைக் கேட்டுவிட்டு மட்டும்.

சித்தப்பா இப்போது மாத்திரைகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார், டிஸ்சார்ஜ் தாளும் ஆஞ்சியோ சிடியும் அதிலேயேதான். அவர் வீட்டுக் கூடத்தில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் சித்தி ஒரு அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார், என் கையெழுத்தில்தான். ராத்திரி இரண்டு மணிக்கும் இசிஜி எடுக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது, அங்கே கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறதா, துணை சுகாதார நிலையத்து நர்ஸின் போன் நம்பர், 108. நாலே வரி. ஒரு பகல் முழுக்க அலைந்து நேரில் கேட்டு எழுதியது. போன மாசம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நடுராத்திரி நெஞ்சை அடைத்தபோது, சித்தி சோடா எடுக்கப் போகவில்லை, அந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்.